இரைச்சல் டாக்டரும் திருச்சிக்கு அடியில் கேட்ட குரலும்

பாட்டுக் கேட்பதற்காக ரேடியோ வாங்கியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். செய்தி கேட்பதற்காக வாங்கியவர்களும் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிவிட்டாரே என்பதற்காக வாங்கியவர்கள்தான் அதிகம். ஆனால் பாட்டும் செய்தியும் முடிந்து, ஊரே 'அப்பாடா' என்று திருகாணியைத் திருகி அணைக்கிற நேரத்தில், 'இனிமேத்தான் ஆரம்பம்' என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்த மனிதர் இந்தப் பூலோகத்திலேயே ஒருவர்தான். அவர் புதுக்கோட்டைச் சீமையில் மாட்டு டாக்டராக இருந்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் ஆஸ்பத்திரி வாசலில் பலகையில் எழுதியிருந்தது. அதை யாரும் படித்ததில்லை. ஊருக்கு அவர் இரைச்சல் டாக்டர்.

அப்போது நான் திருவரங்குளம் யூனியன் ஆபீசில் குமாஸ்தா. கல்யாணம் ஆகாதவன். ஆலங்குடி ரோட்டில் சற்றுத் தள்ளி ஒரு ஊரில் வாடகை மலிவாக ஒரு அறை கிடைத்தது. ஏன் மலிவு என்று மறுநாள் விடிவதற்குள் தெரிந்துவிட்டது. கருக்கலில், கோழி கூவுவதற்கு முன்னால், பக்கத்துச் சுவருக்குப் பின்னாலிருந்து 'கொய்ங்ங்ங்' என்று ஒரு சத்தம். கொசுவென்றால் ஆட்டுக்குட்டி அளவு கொசுவாக இருக்க வேண்டும். போர்வையை உதறிவிட்டு, சண்டை போடுகிற உத்தேசத்தோடு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன்.

கதவைத் திறந்தவர் என்னை யாரென்று கேட்கவில்லை. உதட்டில் விரலை வைத்து, கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போய் ஒரு முக்காலியில் உட்கார வைத்தார். மேஜை மேல் பலகையும் கம்பியும் கண்ணாடி வால்வுகளுமாக, மூடி இல்லாத ஒரு ரேடியோ தோலுரித்த கோழி மாதிரி கிடந்தது. நிலையம் அகப்படுகிறவரை அதை ஒலிபெருக்கியில் கத்தவிட்டு, பிறகு ஹெட்போனுக்கு மாற்றிவிடுவாராம். தலையில் மாட்டிக் கேட்கும் ஹெட்போன் உடைந்துபோய், அதில் ஒரு பக்கத்துக் கிண்ணம் மட்டும் மிஞ்சியிருந்தது. அந்தக் கிண்ணத்தின் மேல் தம்முடைய ஸ்டெதாஸ்கோப்பை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார் டாக்டர். அந்த ஸ்டெதாஸ்கோப் முந்தின நாள் எத்தனை எருமைகளின் வயிற்றைத் தடவிவிட்டு வந்ததோ, அதன் இரண்டு முனைகளையும் என் காதில் செருகிவிட்டார்.

"கேக்குதா?"

"இரைச்சல்தாங்க கேக்குது."

"இரைச்சல் கேக்கத்தான் செய்யும். அதுக்கு அடியில."

"அடியிலயா?"

"கெணத்துல வாளி விழுந்துட்டா எப்படிப் பாப்பீங்க? தண்ணிக்கு மேலயா பாப்பீங்க? அடியில பாருங்க தம்பி."

நான் அடியில் பார்த்தேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு, அடுத்த ஊர்த் திருவிழாவில் யாரோ பேசுவது காற்றில் வருவது போல ஒரு குரல் வந்தது, போனது. மறுபடி வந்தது. எனக்குத் தெரியாத பாஷை. சண்டை போட வந்தவன் அதை மறந்து, "இது எந்த ஊருங்க?" என்று கேட்டுவிட்டேன். டாக்டரின் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! பெண் பார்க்க வந்தவன் "எப்ப முகூர்த்தம்?" என்று கேட்டால் பெண்ணின் அப்பாவுக்குத்தான் அப்படி ஒரு முகம் வரும்.

அவருடைய பைத்தியத்தை இங்கே கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ரேடியோ நிலையங்கள் பெருகியபோது, ஒரே அலைவரிசையை ஒன்றுக்கொன்று வெகுதூரத்திலிருக்கும் இரண்டு நிலையங்களுக்குக் கொடுத்துவிடுவார்களாம். தூரத்தில் இருப்பதால் ஒன்றின் காலை ஒன்று மிதிக்காது என்று கணக்கு. நம் ரேடியோவில் முள்ளைத் திருச்சியில் வைத்தால் திருச்சிதான் கேட்கும். ஆனால் அதே முள்ளில், திருச்சிக்கு அடியில், இன்னொரு தேசத்து நிலையமும் ஒளிந்துகொண்டிருக்கும். காலையில் திருச்சி எழுந்திருப்பதற்கு முன், சூரியனும் வருவதற்கு முன், கொஞ்ச நேரம் மட்டும் அது தலையைத் தூக்கும். டாக்டர் திருச்சிக்கு 'உள்ளூர்க்காரர்' என்று பெயர் வைத்திருந்தார். அடியில் இருப்பவர் 'வெளியூர்க்காரர்'. இருவருக்கும் நடக்கும் மல்யுத்தத்தில் யார் எந்த ஊரில் எவ்வளவு நேரம் மேலே இருக்கிறார் என்று கண்டுபிடிப்பதுதான் அவர் வாழ்க்கை லட்சியம்.

இதற்கு அவருக்கு இரண்டு கூட்டாளிகள். ஒருவர் கந்தர்வக்கோட்டையில் முந்திரித் தோப்பு வைத்திருந்தவர். அவரை முந்திரி மாமா என்போம். இன்னொருவர் திருமயம் பக்கத்தில் அரிசி மில் வைத்திருந்த செட்டியார். மூவரும் ஒரே நாள், ஒரே நேரம், ஒரே முள்ளில் கேட்பார்கள். விடிந்ததும் கேட்டதை ஒப்பிடுவார்கள். போன் கிடையாது. கார்டு போட்டால் இரண்டு நாள் ஆகும். டாக்டருக்கு அவ்வளவு பொறுமை ஏது? எனவே பஸ் கண்டக்டர்கள்.

முந்திரி மாமா கந்தர்வக்கோட்டையில் கண்டக்டரிடம் சொல்வார். அவர் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் எங்கள் ஊர்ப் பஸ் கண்டக்டரிடம் ஒப்படைப்பார். பஸ் எங்கள் ஊருக்குள் நுழையும்போதே கண்டக்டர் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு கத்துவார்.

"டாக்டர்! கந்தர்வக்கோட்டை நெலவரம்! உள்ளூர்க்காரர் முழிக்கிறதுக்கு முன்னாடி வெளியூர்க்காரர் இப்படிக் கத்துனாராம். கூ...ய்ய்ய்ங்ங்! அப்பறம் சடசடசடா!"

"சடசடா மொதல்லயா, கடைசியிலயா?"

"அத அவரு சொல்லலையே."

"கூய்ங் மேல ஏறுச்சா, கீழ எறங்குச்சா?"

கண்டக்டர் ஏறுகிற கூய்ங் ஒன்றும் இறங்குகிற கூய்ங் ஒன்றும் போட்டுக் காட்டுவார். பஸ்ஸிலிருந்து கருவாட்டுக் கூடைக்கார அம்மாள் தலையை நீட்டி, "நேத்து எறங்குச்சு, இன்னைக்கு ஏறுது தம்பி. நான் ரெண்டு நாளும் இதே பஸ்ஸுலதான் வாரேன்" என்று சாட்சி சொல்வாள். பின்னாலிருந்து ஒருவர், "சடசடா பஸ்ஸோடதுங்க, அதச் சேக்காதீங்க" என்பார். டிரைவர் பொறுமையிழந்து ஹாரன் அடித்தால், "இது கணக்குல வராது!" என்று கத்திவிட்டு டாக்டர் வீட்டுக்கு ஓடுவார்.

ஒருமுறை மூவரும் நார்த்தாமலைப் பாறை மேல் ஏறிக் கேட்பதென்று முடிவு செய்தார்கள். உயரத்தில் வெளியூர்க்காரர் நன்றாகக் கேட்பார் என்பது டாக்டரின் சித்தாந்தம். பேட்டரியைத் தலைச்சுமையாகத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். இருட்டில் முட்டியைப் பெயர்த்துக்கொண்டு உச்சிக்குப் போய், கம்பி கட்டி, முள்ளை வைத்தால் வானமே இடிந்து விழுகிறாற்போலத் திருச்சி. நாங்கள் ஏறி முடிப்பதற்குள் உள்ளூர்க்காரர் எழுந்துவிட்டார். அதோடு நார்த்தாமலை திருச்சிக்கு இன்னும் கிட்டத்தில் இருக்கிறது என்பதை மூவரில் ஒருவரும் யோசிக்கவில்லை. செட்டியார் பாறையில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மலையேறி வந்தது மாமனார் வீட்டுக்கா?" என்றார். டாக்டர் மட்டும் உற்சாகம் குறையாமல், "இங்க உள்ளூர்க்காரர் செயிச்சார். அதுவும் ஒரு தகவல்தானே!" என்றார்.

டாக்டரின் சம்சாரத்தை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவர் இந்த விஷயத்தில் முற்றும் துறந்தவர். "எங்க கல்யாணத்துல நாயனக்காரர் வாசிச்சுக்கிட்டு இருக்காரு. இவரு மாலையும் கழுத்துமா எந்திரிச்சுப் போயி, மைக்செட்டு ஏன் கொய்ங்குதுன்னு பாத்துக்கிட்டு இருந்தாரு. எங்க அப்பா அப்பயே சொன்னாங்க, யோசிச்சுக்கம்மான்னு. நான்தான் பாவம்னு விட்டுட்டேன்" என்பார்.

ரேடியோ நன்றாக எடுக்க வேண்டுமானால் வானத்தில் கம்பி வேண்டும், பூமியில் 'எர்த்' வேண்டும். எர்த் கம்பி புதைத்த குழி எப்போதும் ஈரமாகவும் உப்பாகவும் இருந்தால் விசேஷம். டாக்டர் குழியை, வீட்டை ஒட்டியே இருந்த ஆஸ்பத்திரித் தொழுவத்துக்கு நடுவில் வெட்டினார். யார் எந்த மாட்டை ஓட்டி வந்தாலும், "அங்கிட்டு வேண்டாங்க, இங்கிட்டு வந்து இந்த முளையில கட்டுங்க" என்பார். மாடுகள் தங்கள் கடமையைச் செய்தன. சந்தைக்கு மறுநாள் கூட்டம் அதிகம். அதற்கு அடுத்த விடியலில் வெளியூர்க்காரர் கணீரென்று வருவார். "பாத்தீங்களா தம்பி, எல்லாம் கால்நடைச் செல்வம்" என்பார் டாக்டர்.

வைத்தியம் சொல்லும்போதும் அதே பாஷைதான். "ஒங்க பசுவுக்குப் பயமில்லங்க. நெஞ்சு திருச்சி மாதிரி இருக்கு." காளைக்குச் சீக்கு முற்றியிருந்தால், "கொஞ்சம் வந்து வந்து போகுது. பாப்போம்" என்பார். சம்சாரிகள் இதைக் கரைத்துக் குடித்திருந்தார்கள். "எம்மாடு திருச்சியா, வெளியூராங்க?" என்று அவர்களே கேட்பார்கள்.

இந்தக் காதைக் கேலி செய்தவர்களில் நானும் ஒருவன். சிகப்பாயி வீட்டுக் கன்று பிறந்த நாளோடு நிறுத்திக்கொண்டேன். சிகப்பாயி புருஷன் இல்லாமல் ஒரே ஒரு பசுவை வைத்துப் பால் விற்றுப் பிழைத்தவள். கன்று குறுக்கே மாட்டிக்கொண்டு, டாக்டர் தோள்வரை கையை விட்டு அதைத் திருப்பி வெளியே எடுத்தபோது, அது துணி மூட்டை மாதிரி விழுந்தது. மூச்சில்லை. சிகப்பாயி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவர் குழி வெட்ட மண்வெட்டி எடுக்கப் போனார். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் கன்றின் நெஞ்சில் வைத்தார். பிறகு, அதுவரை நாங்கள் கேட்டிராத ஒரு குரலில், "எல்லாரும் வாய மூடுங்க!" என்று கத்தினார்.

தெருவே அடங்கியது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஸ்டெதாஸ்கோப்பை ஒரு விரல்கடை நகர்த்தினார். இன்னும் கொஞ்சம் நகர்த்தினார்.

"இருக்கு. அடியில இருக்கு."

மூக்கில் வழிந்ததை வாயாலேயே உறிஞ்சித் துப்பினார். பின்னங்காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி ஆட்டினார். வைக்கோலால் விலாவைத் தேய்த்தார். நானும் தேய்த்தேன். கை ஓய்ந்துபோய் நான் விட்டுவிடலாமென்று நினைத்தபோது கன்று தும்மியது. டாக்டர் தரையில் சாணியிலேயே உட்கார்ந்து சிரித்தார். சிகப்பாயிக்குக் கும்பிடுவதா அழுவதா என்று தெரியவில்லை. எல்லோருக்கும் சீம்பால் காய்ச்சிக் கொடுத்தாள்.

அந்தக் காலத்தில்தான் எங்கள் ஊர்ப் பஞ்சாயத்துக்கு ஒரு ரேடியோ வந்தது. சாயங்காலம் சாவடி முன்னால் ஊரே கூடும். விவசாய நிகழ்ச்சியும் அதன் பிறகு பாட்டும். வந்து ஒரு வாரம் நன்றாகப் பாடியது. அப்புறம் வயலுக்கு உரம் போடுவது எப்படி என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே 'கூ...ய்ய்ய்' என்று ஒரு சத்தம் குறுக்கே பாய்ந்தது. ஏறியது, இறங்கியது, பாட்டுக்குள்ளும் புகுந்தது. தினமும் இதே கதை.

பஞ்சாயத்துத் தலைவர் விளையாட்டான ஆள் இல்லை. சிரித்தால் அதற்கும் வரி கட்ட வேண்டியிருக்கும் என்பது போல முகத்தை வைத்திருப்பார். யுத்த காலத்தில் இளவட்டமாக எங்கிருந்தோ நடந்தே தகப்பனோடு இந்த ஊருக்கு வந்து சேர்ந்தவர் என்று சொல்வார்கள். தகப்பன் பூர்விகம் இங்கேதான். வந்தபோது கட்டிய துணியோடு வந்தவர், கரம்பைத் திருத்தி, கிணறு வெட்டி, முன்னுக்கு வந்தார். நடந்து வந்த கதையை யாராவது கேட்டால் வெற்றிலை துப்புகிற சாக்கில் எழுந்து போய்விடுவார். பிறகு கேட்பதை ஊர் விட்டுவிட்டது.

அவர் டாக்டரைச் சாவடிக்குக் கூப்பிட்டு அனுப்பினார். "நீங்க புதுக் கம்பி கட்டி சாயங்காலமும் திருக ஆரம்பிச்சப்பறம்தான் எங்க ரேடியோ ஊளையிடுது. என்ன பண்றீங்க நீங்க?"

"நான் கேக்க மட்டும்தாங்க செய்யிறேன். கேக்கிறதுனால சத்தம் வராதுங்களே" என்றார் டாக்டர். ஆனால் சொன்னதும் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. என்னைச் சாவடி ரேடியோவுக்குப் பக்கத்தில் நிறுத்தி, "நான் வீட்டுல போயி முள்ளத் திருப்புறேன். ஊளை மாறுதான்னு கத்துங்க" என்று ஓடினார்.

ஊளை மாறியது. அவர் திருப்பத் திருப்ப அதுவும் ஏறி இறங்கியது. "மாறுது!" என்று நான் கத்தினேன். தெருவில் ஆள் மாற்றி ஆள் கத்தி விஷயம் டாக்டர் வீட்டுக்குப் போனது. அவர் சொந்தமாகச் செய்த ரேடியோ, கேட்பதோடு நிற்காமல், வானத்தில் கட்டிய கம்பி வழியாக லேசாக ஒலிபரப்பவும் செய்திருக்கிறது! வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கு முக்காடு போட்டுக்கொண்டு படுத்திருப்பார்கள். இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் ஓடி வந்தார்.

"நான்தான்! அது நான்தாங்க! என் ரேடியோ பேசுது!"

அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, ஆனந்தத்தில். கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஏன் என்று எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. வடக்கே எல்லையில் சீனாவோடு சண்டை நடந்து ஓய்ந்திருந்த சமயம் அது. ஊரில் புதுமுகம் தெரிந்தாலே ஒற்றன் என்று பேச்சு.

"ரேடியோ பேசுதா? யாருகிட்டப் பேசுது?" என்றார் தலைவர்.

"யாருகிட்டயும் இல்லங்க. சும்மா."

"கருக்கல்ல யாரையோ கேக்கிறீங்களாமே. அது யாரு?"

"வெளியூர்க்காரர் ஒருத்தருங்க."

"எந்த ஊரு?"

"அதாங்க தெரியல. பாஷை புரிய மாட்டேங்குது."

இதைவிடச் சிறப்பாக ஒரு மனிதன் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ள முடியாது. "சீனாக்காரன்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "போலீசுக்குச் சொல்லணும்", "சர்க்கார் சம்பளத்துல இருந்துக்கிட்டு இப்படியா" என்று பேச்சு வளர்ந்தது. ரேடியோ வைத்துக்கொள்ளத் தபாலாபீசில் வாங்கிய லைசென்ஸ் இருக்கிறது என்று டாக்டர் சொன்னது யார் காதிலும் விழவில்லை. சிகப்பாயி ஒருத்திதான் கூட்டத்துக்கு நடுவில் புகுந்து, "செத்த கன்னுக்குட்டிய எழுப்புன மனுசன். இவரா ஒற்றன்? ஒங்க நாக்கு அழுகிரும்!" என்று சத்தம் போட்டாள்.

தலைவர் கையை உயர்த்தினார். "நாளைக் கருக்கல்ல நானே வந்து கேக்குறேன். அது சீனாப் பாஷையா இருந்துச்சுன்னா கம்பி மட்டுமில்ல, நீங்களும் இந்த ஊர்ல இருக்க முடியாது."

"சீனாப் பாஷை உங்களுக்குத் தெரியுங்களா?" என்று டாக்டர் ஆவலோடு கேட்டார். அந்த நேரத்திலும் அவருக்கு அதுதான் கவலை.

"எனக்குப் புரியாத பாஷையா இருந்தா அது சீனாதான்!"

மறுநாள் சொன்னபடி வந்துவிட்டார், கையில் அரிவாளோடு. வாசலில் ஊர் கூடி நின்றது. யூனியன் ஆபீஸ்காரன் என்கிற மரியாதைக்கு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். அக்கா காப்பி போட்டுக் கொடுத்தார். கொடுத்துவிட்டு அரிவாளையே பார்த்துக்கொண்டு நின்றார். டாக்டரோ, கிடைக்காத விருந்தாளி கிடைத்தது போல, "இங்கிட்டு உக்காருங்க. அரிவாள அங்கிட்டு வைங்க, இரும்பு பக்கத்துல இருந்தா இழுக்கும்" என்றார். தலைவர், என்ன நினைத்தாரோ, அரிவாளைத் தள்ளி வைத்தார்.

ஸ்டெதாஸ்கோப்பின் முனைகளை டாக்டரே அவர் காதில் மாட்டினார்.

"இரைச்சல்தான்யா கேக்குது."

"அதுக்கு அடியிலங்க."

தலைவர் முறைத்தபடியே கேட்டார். நான் ஜன்னலைப் பார்த்தேன். கிழக்கே லேசாக வெளுத்துக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் வெளியூர்க்காரர் தேய்ந்துவிடுவார். திருச்சியும் எழுந்துவிடும். வராமலே போய்விட்டால்?

தலைவரின் முறைப்பு முதலில் தளர்ந்தது. பிறகு தலை ஒரு பக்கம் சாய்ந்தது. ஒரு கையால் மேஜையைப் பிடித்துக்கொண்டார். உதடுகள் அசைந்தன. சத்தமில்லாமல், ஆனால் கேட்பதற்கு ஒரு எட்டுப் பின்னால் அதையே சொல்லிப் பார்க்கிறாற்போல. சிரிக்காத அந்த முகத்தில் கண்ணீர் நேர்க்கோடாக இறங்கி மீசையில் நின்றது. டாக்டர் பயந்துபோய், "என்னங்க, காது வலிக்குதா?" என்றார்.

"பேசாதீங்க!" என்றார் தலைவர்.

திருச்சி எழுந்து மங்கள இசை தொடங்கியதும்தான் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றினார்.

"இது ரங்கூன். நான் பொறந்த ஊரு. எங்க அப்பா அங்க மர மில்லுல வேலை பாத்தாரு. ஆத்தா அந்த ஊருக்காரி. குண்டு போட்டப்ப நானும் அப்பாவும் நடந்தோம். ஆத்தாவால நடக்க முடியல. பொறகு வருவோம்னு சொல்லிட்டு வந்தோம்." மீசையைத் துடைத்துக்கொண்டார். "இந்தப் பாஷையக் கேட்டு இத்தன வருசமாச்சு. எனக்கு மறந்துருச்சுன்னே நெனச்சேன். இந்தப் பொம்பளையும் எங்க ஆத்தா மாதிரியே இழுத்து இழுத்துப் பேசுது."

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆறுதல் சொல்வது டாக்டர் படித்த படிப்பில் இல்லை. கடைசியில் மெதுவாகக் கேட்டார்.

"அந்தம்மா என்னங்க சொன்னாங்க?"

"மழை. நேத்துலேருந்து நல்ல மழையாம்."

டாக்டர் துள்ளி எழுந்தார். "மழையா! அதான் ரெண்டு நாளா அந்தப் பக்கத்துச் சடசடப்பு! தம்பி, நான் பஸ் சத்தம்னு நெனச்சு விட்டுட்டேனே! இடிங்க, அது இடி!"

தலைவர் அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, சத்தியமாகச் சொல்கிறேன், சிரித்தார்.

வாசலுக்கு வந்தவரை ஊர் சூழ்ந்துகொண்டது. "என்ன தலைவரே, சீனாவா?"

"ரங்கூன்ல மழை பெய்யுது. போயி வேலையப் பாருங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார். அரிவாளை எடுத்துப் போக மறந்துவிட்டார். அக்கா அதை வைத்துக் கொஞ்ச நாள் தேங்காய் உடைத்தார்.

டாக்டர் அன்று சாயங்காலமே சாவடிக்கு வந்து, ஊளைக்காக ஊரிடம் மன்னிப்புக் கேட்டார். இனிமேல் விடியலில் மட்டும்தான் ரேடியோவைத் தொடுவேன் என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். தலைவர் தம் செலவில் இரண்டு பனைமரங்களுக்கு நடுவில் கம்பியை உயர்த்திக் கட்டிக் கொடுத்தார். கருக்கலில் ஆஸ்பத்திரிப் பக்கம் யாரும் சத்தம் போடக் கூடாதென்று தமுக்கு அடிக்கச் சொன்னார். தமுக்கு அடித்தவர் அதை ஆஸ்பத்திரி வாசலில், கருக்கலில், நன்றாகக் கேட்கட்டுமென்று ஓங்கி அடித்தார்.

அதன் பிறகு தலைவர் தினமும் வந்தார். தலைவர் விடியலில் மாட்டாஸ்பத்திரிக்குப் போகிறார் என்றதும், அவர் வீட்டு எருமைகளுக்கெல்லாம் கோமாரி என்று வதந்தி கிளம்பி, கொஞ்ச நாள் அவர் வீட்டுப் பாலை யாரும் வாங்கவில்லை. அவர் கவலைப்படவில்லை. வெளியூர்க்காரர் சொல்வதையெல்லாம் டாக்டருக்குத் தமிழில் சொல்வார். அரிசி விலை, ஆற்றில் வெள்ளம், எந்தத் தெருவில் என்ன விழா. செய்தி பஸ்ஸில் கந்தர்வக்கோட்டைக்குப் போனதும் முந்திரி மாமாவிடமிருந்து அடுத்த பஸ்ஸிலேயே கண்டனம் வந்தது. கண்டக்டர் படிக்கட்டில் நின்று கத்தினார்: "அர்த்தம் தெரிஞ்ச ஆளச் சேத்துக்கிறது போங்காட்டமாம்! இவரு ஒத்துக்க மாட்டாராம்!"

இரண்டு வருஷம் கழித்து டாக்டருக்கு ராமநாதபுரம் பக்கம் மாற்றல் வந்தது. சாதாரண மாற்றல்தான். யாரும் கேட்டு வாங்கவில்லை, யாரும் தடுக்கவும் முடியவில்லை. தலைவர் புதுக்கோட்டைக்கும் மதுரைக்கும் நடையாக நடந்து பார்த்தார். பலிக்கவில்லை. போகிற அன்று பஸ் நிறுத்தத்தில் ஊர் கூடியது. சிகப்பாயி தன் மாட்டையே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அது இப்போது அடுத்த ஈத்துக்குத் தயாராக இருந்தது. அக்கா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து எல்லோரிடமும் அழுதுகொண்டிருந்தார். டாக்டரோ, "கடலுக்குக் கிட்டக்கப் போறேன் தம்பி! அங்க வெளியூர்க்காரர் எப்படி வருவார்னு நெனைக்கிறீங்க?" என்று என்னிடம் பேசிக்கொண்டே ஏறினார்.

பஸ் உறுமிக் கிளம்பும்போது தலைவர் ஜன்னலருகே வந்து, கம்பியைப் பிடித்திருந்த டாக்டரின் கையின் மேல் தம் கையை வைத்தார். தமிழில் இல்லை, அந்த விடியல் பாஷையில், இரண்டு வார்த்தையோ மூன்று வார்த்தையோ சொன்னார். டாக்டர் கண்ணை மூடி, வழக்கம்போலத் தலையைச் சாய்த்து, முழுதும் கேட்டார்.

"தெளிவா கேட்டுச்சுங்க. ஆனா புரியலையே. என்ன அர்த்தம்?"

தலைவர் கையை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார்.

"புரிஞ்சா நீங்க எறங்கிருவீங்க. போங்க, போங்க."